வாயை மறைத்த வரிகள்

அத்தான் வாய் ஓயாதவர். மாங்கேணியில் தோணி தள்ளும்போதும் கதைப்பார், சோற்றை அள்ளும்போதும் கதைப்பார், பக்கத்தில் ஆளில்லாவிட்டால் கோழியோடு கதைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் காது கேளாத என் அக்கா வாய்த்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கலியாண வீட்டிலேயே ஒரு மனிசி, "ஊமைக்கும் வாயாடிக்கும் நல்ல பொருத்தந்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அப்போது கமராவைத் தோளில் வைத்திருந்தேன். அதைக் கதிரையில் வைத்துவிட்டு அவளோடு ஒரு பாட்டம் சண்டை பிடித்தேன். கலியாண வீடியோவில் அந்த இடம் மட்டும் கூரையைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

அக்கா ஊமை இல்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று காதைக் கொண்டுபோனது, அவ்வளவுதான். கதைப்பாள். வெளியாட்களுக்கு அவள் சொல்வது சட்டென்று விளங்காது. எங்களுக்கு விளங்கும். அத்தானுக்கு எங்களைவிட நன்றாக விளங்கும். நாங்கள் சொல்வதை அவள் எங்கள் வாயைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். மீசையை ஒட்ட வெட்டச் சொல்லி அத்தானுக்குக் கலியாணத்துக்கு முந்தியே கட்டளை போனது. அவரும் வெட்டினார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் அத்தான் மாங்கேணியை விட்டு வாவிக் கரையில் எங்கள் வளவுக்கு வந்தார். அக்காவின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, சுவர் பூசவில்லை. அந்தப் பூச்சுக்காகத்தான் அவர் கட்டாருக்குப் போனார். போனவருக்குக் கட்டட வேலை. வெயிலோ வெயில்.

அங்கிருந்து அவர் எழுதி அனுப்பமாட்டார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கடலுக்குப் போன மனிதர். எழுத்துக்கூட்டி வாசிப்பார், எழுதச் சொன்னால் வேர்க்கும். வீடியோ அழைப்பு எடுத்தால் படம் இறுகி நின்றுவிடும். வாய் நின்ற இடத்திலேயே நிற்க, அக்கா போனைக் கையால் தட்டிக்கொண்டிருப்பாள். அதனால் அவர் முகத்துக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு கதைத்து, அந்த வீடியோவை அனுப்புவார். நான் அதைக் கேட்டு, கீழே வரி எழுதி அக்காவுக்குக் கொடுப்பேன். நான் நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடிக்கிறவன், வெட்டி ஒட்டுகிறவன். எனக்கு அது பெரிய வேலை இல்லை.

கீழே என்று சொன்னேன், பிழை. மேலே எழுதுவேன், நெற்றிக்கு மேல். அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள், "எனக்கு வாயும் வேணும், எழுத்தும் வேணும்" என்று. வாயைப் பார்த்துப் பாதி பிடிப்பாள், எழுத்தைப் பார்த்து மீதியை நிரப்புவாள். எழுத்தும் பள்ளிக்கூடத்துத் தமிழில் இருக்க வேண்டும். அவள் தமிழைக் காதால் படித்தவள் இல்லை, புத்தகத்தில் கண்ணால் படித்தவள். "இரிக்கு" என்று எழுதினால் முழிப்பாள், "இருக்கிறது" என்று எழுத வேண்டும். அத்தான் "ஒண்ணா" என்றால் நான் "முடியாது" என்று எழுதுவேன். வர ஒண்ணா, தூக்க ஒண்ணா, இந்த வெக்கைக்கு ஒண்ணா என்று எங்கள் ஊரில் நாளைக்கு நூறு தரம் வாயில் வருகிற சொல் அது. ஆனால் ஒருவரும் அதை எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை. அக்கா அந்தச் சொல்லை ஆயிரம் வாயில் பார்த்திருப்பாள், எழுத்தில் ஒரு தரமும் கண்டிருக்கமாட்டாள்.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. புருசன் பெண்சாதிக்குச் சொல்வதையெல்லாம் தம்பிக்காரன் கேட்டு எழுதுவது என்ன வேலை, சொல்லுங்கள் பார்ப்போம். மீன் விலை, கூடத்துச் சுவர், ஆட்டுக்குட்டி என்று கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அத்தானின் குரல் இறங்கும். "புள்ள, உன்ட தலமயிர் வாசம்..." என்று தொடங்குவார். எனக்குக் காது இரண்டும் பற்றி எரியும். அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவுவேன். அக்கா லேசுப்பட்டவளா?

"டேய், இதில என்னமோ விட்டிட்டாய். வாய் கனக்க ஆடுது, எழுத்துக் கொஞ்சந்தான் இரிக்கு."

"அது இருமல் அக்கா."

"இவ்வளவு நேரமா இருமினவர்?"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் ஒரு ஏக்கமும் இருந்தது, எனக்குத் தெரியும். விட்டுப்போன சொல் எதுவென்று அவளுக்கு வேண்டியிருந்தது, என்னிடம் கேட்கவும் வெட்கம். அத்தானும் ஒரு நாள் அழைப்பெடுத்து, "மச்சான், நீ கேக்கிறாய் எண்டா எனக்கு வாய் வருகுதில்ல. நான் பொண்சாதியோட கதைக்கனா, உன்னோட கதைக்கனா எண்டே விளங்குதில்ல" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

அந்த நேரம் பார்த்து ஸ்டூடியோவுக்கு ஒரு வேலை வந்தது. தையல் பழக்குகிற பாட வீடியோக்கள், குவியல் குவியலாக. எல்லாவற்றுக்கும் வரி போட வேண்டும். கையால் போட்டால் ஆயுசு போதாது என்று இணையத்தில் தேடப்போய்த்தான் இந்தத் தானியங்கிக் கருவியைக் கண்டேன். கணினிக்காரர் எழுதுகிற கோடு எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை, கோடு கீறத் தெரிந்தால் போதும். திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பெட்டி, வீடியோ வந்து விழுகிற கோப்புறை. அடுத்தது, பேச்சை எழுத்தாக்கும். மூன்றாவது, அந்த எழுத்தைத் திருத்தும். நான்காவது, வரிகளைப் படத்தில் பதிக்கும். கடைசிப் பெட்டி, முடிந்த வீடியோவை உரியவருக்கு அனுப்பும். பெட்டிக்குப் பெட்டி ஒரு கோடு இழுத்துவிட்டால், பிறகு நாம் தூங்கலாம்.

தையல் பாடங்கள் சொகுசாக முடிந்தன. அதே பெட்டிகளைப் பிரதி எடுத்து அத்தானுக்கும் அக்காவுக்கும் நடுவில் வைத்தேன். அத்தான் அங்கே வீடியோவைப் போட்டால், சற்று நேரத்தில் அக்காவின் போனில் வரிகளோடு வந்து விழும். நடுவில் ஒரு மனிசக் காது இல்லை. திருத்துகிற பெட்டியில், பேச்சுத் தமிழை நல்ல எழுத்துத் தமிழாக மாற்று என்று எழுதி வைத்தேன். அக்காவுக்குப் புத்தகத் தமிழ்தானே வேண்டும். இவ்வளவு காலமும் நான் கையால் செய்ததைத்தானே அதையும் செய்யச் சொன்னேன்.

முதல் வீடியோ வந்த அன்றைக்கு அக்கா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, "இருமல் எண்டு என்னைப் பேக்காட்டினாய் என்ன, கள்ளன்" என்றாள். அவ்வளவு சந்தோசமாக நான் அவளைக் கண்டதில்லை. எனக்கும் பெருமைதான். நானும் ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கருவி எங்கேயோ உள்ள தமிழைப் படித்த கருவி. எங்கள் பேச்சு அதற்கு அரைகுறை. எங்கள் வீட்டில் குழம்பை ஆணம் என்போம். "உன்ட மீனாணம் தின்ன ஆசையா இரிக்கு" என்று அத்தான் சொல்ல, அது "உன் மீன் ஆணவம் தின்ன ஆசையாக இருக்கிறது" என்று போட்டுவிட்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு சோற்றுக்கு என்ன கறி என்று கேட்டால், "இண்டைக்கு ஆணவம்" என்பாள். வயல்வெளியைச் சொல்லும் வட்டை, வட்டியாகும். பிழை வந்தால் அவள் கண்டுபிடித்துத் தானே நேராக்கிக்கொண்டாள். அதனால் நாங்கள் பயப்படவில்லை. பிழை என்றால் கோமாளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் வரும் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டோம்.

ஒரே ஒரு குறை சொன்னாள். "வாய மறைக்குது."

நான் பார்த்தேன், உண்மைதான். கருவி வரிகளைப் படத்தின் அடிப்பக்கம் பதிக்கும், கறுப்புப் பட்டியின் மேல் வெள்ளை எழுத்தாக. அத்தானோ போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக் கதைப்பவர். பட்டி சரியாக அவருடைய வாயில் வந்து நின்றது. மேலே தூக்க வழி தேடினேன். இலவசமாகப் பாவிக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. "வேற வழி பாக்கன் அக்கா" என்றேன். கலியாண மாதம் வந்தது, வேலை தலைக்கு மேல் போனது. அவளும் திரும்பக் கேட்கவில்லை. வாய் தெரியாவிட்டால் என்ன, புருசன் சொல்வது முழுசாக வருகிறதே என்று இருந்திருப்பாள்.

ஒரு நாள் நான் வெல்லாவெளியில் ஒரு கலியாணம் பிடித்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டுகிற நேரம் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் கருவியின் தகவல், அத்தானின் வீடியோ ஒன்று வரி பதிந்து அக்காவுக்குப் போய்விட்டது என்று. நான் இங்கே வேலை, அது அங்கே வேலை, பார்த்தாயா என் கெட்டித்தனத்தை என்று நினைத்துக்கொண்டு போனைத் திரும்பப் பைக்குள் போட்டேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தாள். நல்ல சேலை, தலை வாரி, பொட்டு வைத்து. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றாள்.

"எங்க போகப் போறாய்?"

"சும்மா."

"சும்மாவுக்கு ஆராவது பாஸ்போட் எடுப்பாங்களா?"

"எடுடா நீ" என்று முறைத்தாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாஸ்போட் படத்தில் சிரிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி எடுத்தேன். புருசன் பெண்சாதி ஏதோ கதைத்திருக்கிறார்கள், அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்றுதானே பெட்டிகளைக் கட்டினேன். அதனால் கேட்கவில்லை. நோண்டுவதில் கெட்டிக்காரனான நான், அந்த ஒரு தரம் பெரிய மனிசனாக நடந்துகொண்டேன்.

பாஸ்போட் வந்தது. அக்கா அதை அலுமாரியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எதற்கென்று எனக்குத் தெரியாது. அத்தானின் வீடியோக்கள் குறைந்தன. வந்ததும் சின்னதாக வந்தது. வேலை கூடவாக்கும் என்று நினைத்தோம். வீடு பூச ஆள் வந்தது, சுவர் வெள்ளையானது. அக்காவின் முகந்தான் மெல்ல மெல்ல வாடியது. கேட்டால் தலையிடி என்பாள்.

அடுத்த மாரி பிடிக்கிற நேரம் அத்தான் வந்தார். வந்தார் என்று சொல்லக் கூடாது, கொண்டுவந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, முகம் ஊதி, விமான நிலையத்தில் தள்ளுகதிரையில் இருந்தார். நான் அவரைக் கடந்து போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தேன். சிறுநீரகம் இரண்டும் பழுது. வெயிலில் தண்ணீரில்லாமல் நின்ற வேலை, நோவுக்கு அள்ளிப் போட்ட குளிசை, டொக்டருக்குக் காட்டாமல் வைத்திருந்த வருத்தம். ஒரு வருசம் முந்தி வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அவர் அதை என்னிடந்தான் சொன்னார். நான் அதை ஒருவருக்கும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது கிழமையில் இரண்டு தரம் அவரை ஓட்டோவில் ஏற்றி, பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், இரத்தம் சுத்திகரிக்க. போகும்போது கதைப்பார். வரும்போது கதைக்கமாட்டார். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். கடலில் வளர்ந்த மனிதர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு நாள் பின்னேரம், ஆஸ்பத்திரியால் வந்து அவரைக் கூடத்துக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். அக்கா கால்மாட்டில் இருந்து அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "வருத்தம் தொடங்கினவுடன வந்திருக்கலாமே அத்தான்? என்னத்துக்கு அங்க கிடந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

"வரத்தான் கேட்டன் மச்சான்" என்றார். "உன்ட அக்காதான் பொறுக்கச் சொன்னவ. அவவில பிழையில்ல. சுவர் பூசாமக் கிடந்ததுதானே."

அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"அத்தான் வரட்டா எண்டு கேக்க, நீயா பொறுங்க எண்டு சொன்னாய்?"

அவள் என் வாயைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். "எப்ப?" என்றாள். பிறகு, "அவரெங்க வாறன் எண்டவர்? என்னையெல்லே வரச் சொன்னவர்" என்றாள். எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து பாஸ்போட்டைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். போனைத் திறந்து, பத்திரமாக வைத்திருந்த ஒரு வீடியோவைக் காட்டினாள். நான் வெல்லாவெளியில் நின்ற நாளின் வீடியோ.

அத்தானின் கண்ணும் மூக்கும் தெரிந்தன. வாய் இருக்கிற இடத்தில் கறுப்புப் பட்டி. அதில் சுத்தமான தமிழில் எழுதியிருந்தது: "இனி இங்கே ஒன்றாக இருக்கலாம், பிள்ளை. வருவதற்கு யோசி. நீ என்ன சொல்கிறாய்?"

அதற்குத்தான் அவள், "ஓம், கொஞ்சம் பொறுங்க" என்று சிரித்துக்கொண்டு வீடியோவில் பதில் அனுப்பியிருக்கிறாள். பாஸ்போட் எடுக்கும் வரைக்கும் பொறுங்க என்று. வீட்டாருக்கு வெட்கத்தில் சொல்லவில்லை. பிறகு பாஸ்போட் வந்ததை அவருக்கும் சொல்லாமல், அவரே திரும்பக் கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று இருந்திருக்கிறாள். மனம் மாறிவிட்டார் என்று நினைத்து உள்ளுக்குள்ளே அழுதிருக்கிறாள்.

அத்தான் போனைக் கிட்ட வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். "நான் இப்பிடிச் சொல்லல்லையே" என்றார்.

மூல வீடியோ என் கோப்புறையில் கிடந்தது, வரி பதியாதது. எடுத்துப் போட்டேன். அத்தானின் குரல் வந்தது: "இனி இஞ்ச இரிக்க ஒண்ணா புள்ள. வாறத்துக்கு யோசிக்கன். நீ என்ன சொல்றாய்?"

ஐயோ கடவுளே. அந்தப் பாழாய்ப்போன பெட்டிக்கு ஒண்ணா என்றால் முடியாது என்று யார் சொல்லிக் கொடுத்தது? ஒண்ணா என்பதை அது ஒன்றாக என்று திருத்தியது. யோசிக்கிறேன் என்று அவர் சொன்னதை, யோசி என்று அவளுக்குச் சொன்ன புத்தியாக்கியது. அரைகுறையாக விட்டிருந்தாலாவது அக்கா முழித்திருப்பாள், ஆணவத்துக்குச் சிரித்ததுபோலச் சிரித்துவிட்டு என்னிடம் ஓடி வந்திருப்பாள். அது அழகாகத் திருத்தியது. நல்ல எழுத்துத் தமிழாக மாற்று என்று நான் எழுதி வைத்ததை, சொன்ன சொல் தவறாமல் செய்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். குரங்கானால்கூடத் தெரிந்திருக்கும். இது பிள்ளையாராகவே இருந்து குடியைக் கெடுத்தது.

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளுக்குக் குரல் கேட்காது. ஆனால் அந்த முகத்தில் இப்போது பட்டி இல்லை. வெடித்த உதடு, ஒட்ட வெட்டிய மீசை, எல்லாம் தெரிந்தது. ஒண்ணா என்று சொல்லும்போது அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டியதும் தெரிந்தது. அவள் ஒரு தரந்தான் பார்த்தாள். திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை, அவளுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. என்னையும் அவள் பார்க்கவில்லை, ஏசவில்லை, குட்டவில்லை. குட்டியிருக்கலாம்.

அவள் அத்தானின் பக்கம் திரும்பி, அவருடைய சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். அழுகையில் சொற்கள் உடைந்து போயின. வெளியாட்களுக்கு விளங்காத அவளுடைய பேச்சு எப்போதும் விளங்குகிற அந்த மனிதருக்கே விளங்கவில்லை. அவளுடைய வாயையே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சான் சொல்றா?"

அன்றைக்கு நடுவில் நான்தான் இருந்தேன், வேறு ஒருவரும் இல்லை. ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

"சுவரும் வேணாம் ஒண்டும் வேணாம், அண்டைக்கே வாங்க எண்டு சொல்லியிருப்பன் எண்டு சொல்றா அத்தான்."